எழுபது கிலோப் பாப்பா

மூன்று ஆண்கள் ஒரு பேக்கரி வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே கார் பந்தயத்தில் கோப்பை வாங்குவதென்று முடிவெடுத்த சாயங்காலத்தில் வால்நட்சத்திரம் எதுவும் தோன்றவில்லை, தெருநாய் ஊளையிடவில்லை, எங்கள் வீட்டு அடுப்பில் பால்கூடப் பொங்கி வழியவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் நானாவது சுதாரித்திருப்பேன், ஏனென்றால் சின்ன வயதிலிருந்தே பயப்படுவது ஒன்றைத்தான் நான் ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறேன். கோயம்புத்தூருக்குக் கிழக்கே, பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடைகிற பட்டறைகளும் அந்தப் பட்டறைக்காரர்களுக்குத் தேங்காய் பன் விற்கிற பேக்கரிகளும் மாறி மாறி வருகிற எங்கள் தெருவில், ஞாயிற்றுக்கிழமை என்பது ஆண்களுக்கு லீவு நாள், பெண்களுக்குத் துணி ஊறவைக்கிற நாள். பாப்பா பிறந்து அப்போது ஐந்து மாதம்.

அந்த மூவரில் ஒருவர் என் புருஷன் தரணிதரன். உலகத்தைத் தாங்குகிறவன் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு என்ன தெரியும். இன்னொருவர் பட்டறையில் அவருக்குக் கூட்டாளியான பூபதி, தூரத்தில் ஒரு என்ஜின் சத்தம் கேட்டாலே அது என்ன வியாதியில் சாகும் என்று சொல்லிவிடுவார், சொன்னது ஒன்றும் பலித்ததில்லை. மூன்றாமவர் பேக்கரி சென்னியப்பன் அண்ணன், என் நங்கையாவின் வீட்டுக்காரர். புருஷனின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். எதிர்வீட்டிலேயே குடியிருந்ததால் எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு கூடியது குறைந்தது எல்லாம் எனக்குத் தெரிவதற்கு முன்னால் நங்கையாவுக்குத் தெரிந்துவிடும்.

போட்டிக்கு மூன்று டிராக் கோப்பை என்று பெயர். தொழிலாகக் கார் ஓட்டுகிறவர்கள் யாரும் அதில் சேரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீரர்களுக்கு மட்டும்தான். முதல் டிராக் எங்கள் ஊருக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில், இரண்டாவது கிழக்கே உப்பளங்களுக்குப் பக்கத்தில், மூன்றாவது வடக்கே பாறைக்காட்டில். மூன்றிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுக்கிற டீமுக்குக் கோப்பை. எங்கள் டீமுக்குக் கொங்கு தண்டர் என்று பெயர் வைத்தார்கள். இடி என்று பெயர் வைத்த காரோ டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு சின்னக் கார், பின்னால் எழுதியிருந்த 'எல்' எழுத்து மூன்று கோட்டிங் பெயிண்டுக்குப் பிறகும் உற்றுப் பார்த்தால் தெரியும், வாத்தியார் மிதிப்பதற்கென்று இடப்பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. அந்த இரண்டாவது பிரேக்கைப் பார்த்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பூபதி முதலில் கழற்றி எறிந்தது அதைத்தான்.

"வெயிட்டு மாப்ளே, வெயிட்டு. ரேஸ்ல எதிரியே வெயிட்டுதான்" என்றார்.

அதற்குப் பிறகு கழற்றினார்கள். பின்சீட்டைக் கழற்றினார்கள், தரைவிரிப்பைக் கழற்றினார்கள், ஹாரனைக் கழற்றினார்கள், கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார்கள், கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியைக் கழற்றினார்கள், டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவைத்தார்கள். கழற்றுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஆன அன்றைக்குப் பூபதி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னும் ஒரே ஒரு பார்ட்தான் மாப்ளே பாக்கி. எழுபது கிலோ இருக்குது. ஆனா அதக் கழட்டுனா வண்டிய ஓட்ட ஆளில்ல."

என் புருஷன் கொள்ளு ரசம் குடித்தார், ராத்திரிச் சோற்றை விட்டார், கிரவுண்டில் ஓடினார். இரண்டு கிலோ இறங்கியது. சென்னியப்பன் அண்ணன் கடையில் புதிதாகப் போட்ட எக் பப்ஸ் எப்படியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னதில் மூன்று கிலோ ஏறியது. முதல் டிராக்குக்குப் புறப்பட வேண்டிய காலையில் அவர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "சாரு, பாப்பாக்கு நாளைக்குத் தடுப்பூசி. நான் வர நேரமாயிரும். நீ பாத்துக்க."

எல்லா வீட்டிலும் எல்லாப் புருஷனும் சொல்கிற வார்த்தைதான். நான் தலையாட்டினேன். இடுப்பில் இருந்த பாப்பா சட்டென்று ஒரு தேங்காய் அளவுக்குக் கனத்தாள். தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். பட்டறையில் கடைசியாக ஒருமுறை தராசில் ஏறி நின்றபோது அவர் ஒரு கிலோ குறைந்திருந்தார்.

பூபதிக்கு மற்ற விஷயத்தில் எப்படியோ, இந்த விஷயத்தில் மூளை வேலை செய்தது. "காலைல இருந்து என்ன பண்ணுன? ஒண்ணு விடாமச் சொல்லு" என்று கேட்டு, பல் விளக்கியதிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைத்துப் பார்த்து, கடைசியில் தராசின்மேல் நிற்க வைத்தே எனக்குப் போன் போட வைத்தார்.

"சாரு, கேஸ் புக் பண்ணணும். நீ பாத்துக்க."

போனில் மூன்று ஆண்கள் சந்தோஷத்தில் கத்துவது கேட்டது. என் மடியில் இருந்த பாப்பா என் தொடையை அழுத்தினாள்.

"சாரு, வீட்டுக்காரர் வாடகை ஏத்தணும்னு சொன்னாரு, பேசணும். நீ பாத்துக்க."

"சாரு, அம்மா திதி வருதில்ல? நீ பாத்துக்க."

"சாரு, பாப்பாவ எந்த ஸ்கூல்ல சேக்கறதுன்னு இப்பவே விசாரிச்சு வெக்கணுமாம். நீ பாத்துக்க."

அவர் தலையில் இவ்வளவு இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் சென்னியப்பன் அண்ணன் பின்னால் நின்று எடுத்துக்கொடுப்பது எனக்குக் கேட்டது. தென்னந்தோப்பு டிராக்கில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார், டாக்டர்கள் டீமையும் கம்ப்யூட்டர்க்காரர்கள் டீமையும் ஓரம்கட்டிவிட்டு முதலாவதாக வந்தது.

தம்பி ஜெயித்தால் பாப்பாவுக்கு எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக நங்கையா மாரியம்மனுக்கு வேண்டியிருந்தார். துலாபாரத்தன்று ஒரு தட்டில் பாப்பாவை உட்கார வைத்தோம். இன்னொரு தட்டில் நங்கையா கொண்டுவந்த வெல்லத்தை வைத்தார், ஏழு கிலோ, பாப்பா பால் குடிப்பதற்கும் சேர்த்து ஒரு உருண்டை அதிகமாக. தட்டு அசையவில்லை. கோயில் வாசல் கடையில் இருந்ததை வாங்கி வைத்தார்கள், அசையவில்லை. மளிகைக் கடையில் பிரிக்காத வெல்லச் சிப்பத்தை, ஒரு முழு மூட்டையை, ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள், அதையும் ஏற்றிய பிறகுதான் பாப்பா மெதுவாக, ஒரு பண்ணையார் வீட்டுப் பெரிய மனுஷி எழுந்திருக்கிறதைப் போல, தரையை விட்டு மேலே வந்தாள். பூசாரி வெல்லத்தையெல்லாம் சாக்கில் கட்டச் சொல்லிவிட்டு, "புள்ள நல்ல ஊட்டமா இருக்குதுங்க. வருசா வருசம் வாங்க" என்றார்.

நங்கையாவுக்கு வெல்லத்தின் விலையில் கொஞ்சம் வருத்தம். மற்றபடி யாருக்கும் இதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அப்பனிடம் இருந்தது பிள்ளையிடம் வந்திருக்கிறது, வேறு எங்கே போகும் என்றார்கள். கான்வென்ட்டில் எங்களுக்கு பிசிக்ஸ் எடுத்த சிஸ்டர் பெலிசிட்டாவும் இதைத்தான் சொல்லியிருந்தார், உலகத்தில் எந்தப் பாரமும் அழியாது, இடம்தான் மாறும் என்று. எந்த இடத்துக்கு மாறும் என்பதை மட்டும் சிஸ்டர் சொல்லவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

தெரு பாப்பாவைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. அங்கன்வாடி அக்கா பாப்பாவைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு அறுந்து விழுந்த பிறகு, எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதே என்று எனக்கு அறிவுரை சொன்னார். டாக்டர் எனக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஜோசியர் குரு பார்வை என்றார். காற்று வீசிய ஒரு முகூர்த்த நாளில் பந்தல்காரர் ஓடி வந்து, "அம்மணி, பாப்பாவச் சித்த குடுங்க, தார்ப்பாய் பறக்குது" என்று கேட்டார். என்னால் மட்டும்தான் தூக்க முடியும் என்பதால் நானே கொண்டுபோய் பந்தல் மூலையில் உட்கார வைத்து, தாலி கட்டி முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்று, கட்டி முடிந்ததும் ஒரு தேங்காய்ப் பையோடு திரும்பி வந்தேன். பழைய இரும்புக் கடைக்காரர் தன் தராசு சரியாக இருக்கிறதா என்று பாப்பாவை வைத்துச் சோதித்துக்கொண்டார். பாப்பா எங்கே வைத்தாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அவள் கனம் தெரியாது. இடுப்புச் சதங்கையை ஆட்டிக்கொண்டு கையை நீட்டுவாள், தூக்கு என்று. நான் தூக்குவேன். நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம்தானே அதிகம் என்று ஒவ்வொரு நாளும் தூக்கி, தூக்கி, நாற்பது கிலோப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோசை வார்க்கிறவளாக ஆகியிருந்தேன்.

"உனக்கென்ன அம்மணி, நல்ல தெம்பு" என்றார் நங்கையா. "நாங்கெல்லாம் ரெண்டு பெத்தோம், யாரும் இப்பிடி எங்களைச் சோதிச்சதில்ல."

உப்பள டிராக்குக்கு முன்னால் என் புருஷன் தன்னிடம் மிச்சம் இருந்ததையும் இறக்கினார். எதிர்காலத்தை இறக்கினார், பட்டறையை இறக்கினார், அவருடைய சளியை இறக்கினார், அவருடைய சொந்தக்காரர்களை ஒவ்வொரு ஊராக இறக்கினார். கடைசியில் சொல்ல ஒன்றும் இல்லாமல், "சாரு, மத்ததெல்லாம் நீ பாத்துக்க" என்று மொத்தமாக ஒருமுறை சொன்னார், அதில்தான் அதிகம் இறங்கியது. அன்றைக்கு ஹெல்மெட் போட்டால்தான் அவர் தரையில் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றினால் பாதம் மெல்லக் கிளம்பிவிடும். கடற்காற்றில் கார் வளைவுகளில் ஒரு காகிதத்தைப் போலப் போனதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்குப் பயம் வந்தால் எங்கள் மாரியம்மன் ஞாபகத்துக்கு வருவதற்கு முன்னால் ஹெய்ல் மேரி ஜெபம் வந்துவிடும், கான்வென்ட்டில் பத்து வருஷப் பழக்கம். இரண்டையும் கலந்து சொல்லிக்கொண்டு நின்றேன். முதலாவதாக வந்தார். ஜெயித்த கார்க் கதவைத் திறந்ததும் ஒரு பக்கம் காற்று வீச, பூபதி அவரைத் தாவிப் பிடித்துப் பெல்ட்டில் கயிறு கட்டினார். கூட்டம் கை தட்டியது.

வீட்டில் அவருக்குக் கட்டில் உதவவில்லை. படுத்தால் மேலே போனார், மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்குக் கட்டிய சேலைத் தூளி அவள் கனத்துக்குத் தாங்காமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததால் அவரை அதில் படுக்க வைத்து மேலே ஒரு முடிச்சுப் போட்டேன். பாப்பாவைத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். அவள் படுத்த இடத்தில் டைல்ஸ் விரிசல் விட்டது. ஆட்டினால்தான் தூக்கம் வருகிறது என்று அவர் சொன்னதால் ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

"தம்பி எவ்வளவு லேசாயிட்டான் பாரு" என்று நங்கையா பெருமைப்பட்டார். "மூஞ்சியில ஒரு கவலை இருக்குதா? குழந்தையாட்டம் தூங்கறான்."

அப்புறம் ஒரு காலை வந்தது. பாப்பா பாயில் உட்கார்ந்து கையை நீட்டினாள். குனிந்து தூக்கினேன், வரவில்லை. மறுபடி தூக்கினேன், வரவில்லை. அவள் விளையாட்டென்று நினைத்து வாயெல்லாம் சிரித்தாள். மூன்றாவது முறை சுவரில் முதுகைக் கொடுத்து, பல்லைக் கடித்து, எழுந்துவிட்டேன்.  அவ்வளவுதான், எல்லை தெரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு 'நீ பாத்துக்க' போதும், என் பிள்ளை கையை நீட்டுவாள், நான் தூக்க முடியாமல் நிற்பேன், அவள் நீட்டிய கையை மெதுவாகக் கீழே போட்டுக்கொள்வாள். ராத்திரியில் அந்தக் கை கீழே இறங்குவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தூளியை விலக்கிச் சொன்னேன். "ஏங்க, போதும். கொஞ்சமாவது திருப்பி எடுத்துக்கங்க. என்னால தூக்க முடியல."

"இன்னும் ஒரு டிராக்குதான சாரு" என்றார், தூளிக்குள்ளிருந்து. "முன்னாடி இருக்கோம். கடைசி ரேஸ ஓட்டி முடிச்சாலே போதும், கப்பு நம்மளுது. அதுக்கப்புறம் எல்லாம் பேசிக்கலாம். இந்தக் கொசு வலைய மட்டும் சித்த நீ பா—"

நான் அவர் வாயைப் பொத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

பாறைக்காட்டு டிராக்குக்குத் தெருவே கிளம்பியது. பாப்பாவை பேக்கரி வேனில் பன் அடுக்குகிற டிரேக்களை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு உட்கார வைத்தோம், வேன் ஒரு பக்கம் சாய்ந்தபடியே வடக்கே போனது. அங்கே போனதும்தான் தெரிந்தது, மற்ற டீம்களெல்லாம் சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் பறக்கிறார் என்பது அவர்கள் புகார் அல்ல. அது அவரவர் உடல்வாகு. ஆனால் காரும் ஓட்டுகிறவரும் சேர்ந்து குறைந்தபட்சம் இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, அதை ஏன் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் புகார். தராசுமேடை போட்டிருந்தார்கள். போட்டி அதிகாரி பெரிய மீசை வைத்தவர், வெயிலில் நின்றே கறுத்தவர். என் புருஷனை ஏற்றிய காரும் ஏற்றாத காரும் தராசில் ஒரே எடை காட்டின.

"எழுபது கிலோ பத்தலீங்க" என்றார் அதிகாரி.

"மணல் மூட்டை போட்டுக்கறோம் சார்" என்றார் பூபதி.

"டிரைவரோட வெயிட்டு டிரைவர்கிட்டத்தான் இருக்கணும். எங்க வெச்சுட்டு வந்தீங்களோ அங்க போய் எடுத்துட்டு வாங்க."

மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. சென்னியப்பன் அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூன்று மாதமாக எனக்குக் காட்டாத ஒரு மரியாதையோடு சொன்னார்: "அம்மணி, ஒரு எழுபது கிலோ மட்டும் குடுத்தீங்கன்னா போதும். ரேஸ் முடிஞ்சதும் அப்பிடியே வாங்கிக்கலாம்."

"எப்பிடிங்கண்ணா குடுக்கறது?"

பூபதி தலையைச் சொறிந்தார். "எப்பிடி வந்துச்சோ அப்பிடியேதான் போகணும். நீங்க சொல்லணும். அந்த வார்த்தைய."

"புருஷன்கிட்டப் போயி அப்பிடிச் சொல்றதா?" என்று நங்கையா பதறினார், உடனே சென்னியப்பன் அண்ணன் முறைக்கவும், "செரி செரி, கப்பு வருதில்ல, சொல்லு அம்மணி, சொல்லித் தொலை" என்றார்.

பாப்பாவைத் தூக்கினேன். கடைசித் தடவை என்று என் முதுகுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒத்துழைத்தது. தராசுமேல் நின்ற காருக்குப் பக்கத்தில் போய், சீட் பெல்ட்டில் கட்டிப்போட்ட பலூன் மாதிரி ஆடிக்கொண்டிருந்த என் புருஷன் மடியில், கனத்தை என் கையிலேயே தாங்கியபடி, அவளை வைத்தேன். வைத்தேனே தவிர வார்த்தை வரவில்லை. கான்வென்ட்டில் எனக்குத் தேங்க் யூ சொல்லிக்கொடுத்தார்கள், ஸாரி சொல்லிக்கொடுத்தார்கள், ப்ளீஸ் சொல்லிக்கொடுத்தார்கள், வலித்தால் ஆஃபர் இட் அப், ஆண்டவருக்குக் காணிக்கையாக்கிவிடு, என்று சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அம்மாவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். 

"பாப்பாவுக்கு அடுத்த தடுப்பூசி வருதுங்க" என்றேன். "நீங்க பாத்துக்கங்க."

தராசு ஒரு கோடு ஏறியது. கூட்டம் ஓ என்றது.

"கேஸு. நீங்க பாத்துக்கங்க. வாடகை. நீங்க பாத்துக்கங்க. உங்க அம்மா திதி. உங்க சளி. நீங்க பாத்துக்கங்க."

அவர் சீட்டில் வந்து உட்கார்ந்தார், ஆட்டம் நின்றது. முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். பாப்பாவுக்கு எந்த ஸ்கூல் என்று நான் சொன்னபோது சிரிப்பு நின்றது. காரின் எடைக்கு மேல் முள் எழுபது கிலோ ஏறியதும் சென்னியப்பன் அண்ணன் கையை ஆட்டினார். "போதும் அம்மணி! போதும், நிறுத்துங்க!"

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவை சொல்கிறவளுக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? அவர் கொடுத்ததை எல்லாம் கொடுத்து முடித்த பிறகு என்னுடையதும் தானாக வர ஆரம்பித்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஃபிட்ஸ் வருமோ என்பதைக் கொடுத்தேன். அவள் ராத்திரி மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பதைக் கொடுத்தேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவதைக் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமைத் துணியைக் கொடுத்தேன், நங்கையாவைக் கொடுத்தேன். காரின் நான்கு சக்கரமும் நசுங்கியது. தராசின் முள் நூறைத் தாண்டிப் போய் எதிலோ முட்டி நின்றது.

"கூடுனா தப்பில்லீங்க" என்றார் அதிகாரி. "குறைஞ்சாத்தான் தப்பு. பாஸ்."

என் புருஷன் மடியில் பாப்பா ஏழு கிலோப் பிள்ளையாக, ஒரு பூசணிக்காயைப் போல லேசாக உட்கார்ந்து அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை எடுத்து முத்தம் கொடுத்தேன். எடுத்த வேகத்தில் அவளைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன், கைக்குப் பழக்கமில்லை. திரும்ப அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் பின்னால் இருந்த டீக்கடைக்கு நடந்தேன்.

மைக்கில் கூப்பிட்டார்கள். எல்லாக் கார்களும் வரிசைக்குப் போயின. என் புருஷன் பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். இறங்கிய இடத்தில், உருகிய தாரில், அவர் ஷூ அரை அங்குலம் புதைந்தது. அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். யாரிடமாவது பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏற வேண்டும்.

"அக்கா, பாப்பாவச் சித்த—"

நங்கையா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு முட்டி வலிடா சாமி. என்னால ஆவாது."

"மாமா—"

"கடைய ஆளு இல்லாம போட்டுட்டு வந்துருக்கேன் மாப்ளே" என்று சென்னியப்பன் அண்ணன், கடை முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தது, வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பூபதி, நீயாவது ரெண்டு நிமிசம்—"

"வாயத் தொறக்காத!" பூபதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "அந்த வார்த்தைய மட்டும் எங்கிட்டச் சொல்லிப்போடாத மாப்ளே, நான் இன்னும் பொண்ணு பாத்துட்டு இருக்கறவன்!"

பந்தல்காரர் பின்வாங்கினார், இரும்புக் கடைக்காரர் பின்வாங்கினார், பாப்பாவைத் தொட்டால் பிள்ளை தரிக்கும் என்று மாதக் கணக்கில் வந்து தொட்டுக் கும்பிட்டுப் போன பெண்கள்கூட முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஏழே கிலோப் பிள்ளை. ஆனாலும் வெறும் தார் ரோட்டில் ஒரு வட்டம் விழுந்தது, நடுவில் என் புருஷன். அவர் என்னைத் தேடினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒரு எக் பப்ஸைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கையாலும் நான் எதையும் தின்றதில்லை. மேலே இருக்கிற ஏடுகளை ஒவ்வொன்றாக உரிக்கலாம் என்பதே மறந்துபோயிருந்தது.

கொடி இறங்கியது. கார்கள் எல்லாம் ஒரே சத்தமாகக் கிளம்பின. எங்கள் கார் மட்டும் பேக்கரி விளம்பரத்தோடு தராசுமேடையில் நின்றது. ஓட்டி முடித்தாலே கோப்பை என்கிற ரேஸில் கொங்கு தண்டர் கிளம்பவே இல்லை.

என் புருஷன் அந்தக் கார்களைப் பார்க்கவில்லை. "ஐயோ, இந்தச் சத்தம் பாப்பா காதுக்கு ஆகுமா?" என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் அவள் காதைப் பொத்தினார், இன்னொரு காதைப் பொத்த இன்னொரு கை இல்லாமல் தன் தோளில் அழுத்திக்கொண்டார். வெயில் படுகிறது என்று ஒரு வேப்பமரத்தைத் தேடிப் போனார். போன வழியெல்லாம் தாரில் அவர் அடிகள் ஆழமாகப் பதிந்திருந்தன. மரத்தடியில் உட்கார்ந்து அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார். என் பயம் எங்கே போயிற்று என்று அதுவரை எனக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் உட்கார்ந்திருந்தது. பார்க்கப்போனால் எனக்கு இருந்ததைவிட அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

அதைத்தான் பத்திரிகைக்காரர்கள் போட்டோ பிடித்தார்கள். கோப்பையையே உதறிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிய தகப்பன் என்று மைக்கில் சொன்னார்கள், கூட்டத்தில் சில ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், டாக்டர்கள் டீம் வாங்கிய கோப்பைக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் கிடைத்தது. கொடுக்க ஒன்றும் தயாராக இல்லாததால் அதிகாரி தன் அலுவலக மேசையில் இருந்த ஒரு பழைய வெள்ளிக் கப்பைத் துடைத்து, சிறந்த தந்தை என்று காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்தார். எழுபது கிலோவை மூன்று மாதம் தூக்கியவளுக்கு ஒரு பந்தல்காரர் கொடுத்த தேங்காய்ப் பை ஞாபகம் வந்தது. ஏழு கிலோவை முக்கால் மணி நேரம் தூக்கியவரைச் சுற்றி மாலையோடு நின்றார்கள். சென்னியப்பன் அண்ணன் வேனிலிருந்து இறங்கி வந்து போட்டோவில் ஓரமாக நின்றுகொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்தார், ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் கப்பு, முகமெல்லாம் வேர்வை. தரை லேசாக அதிர்ந்தது.

"பாப்பா சிணுங்குறா சாரு. பசியா, தூக்கமா? எதுன்னு தெரியல."

"எனக்கும் மொதல்ல தெரியலீங்க" என்றேன். "ரெண்டு மூணு மாசத்துல தெரிஞ்சிரும்."

அவர் கப்பை என் பக்கம் நீட்டினார். "இதையாவது புடி. வண்டில போறப்ப ஒடுங்கிறாம நீ பா—"

வேனுக்குப் பக்கத்தில் நின்ற பூபதி காதைப் பொத்தினார். நங்கையா கண்ணை மூடினார். நான் பப்ஸ் காகிதத்தை மடித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் அந்த வார்த்தையை, பாதி வெளியே வந்ததை, கஷ்டப்பட்டு விழுங்கினார். தொண்டையில் அது இறங்கியது வெளியே தெரிந்தது. பிறகு கப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாப்பாவை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தாரில் பதிந்த தன் அடிகளின் மேலேயே வேனைப் பார்த்து நடந்தார்.

நான் வெறும் கையோடு பின்னால் போனேன். என் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு எறும்பு தாராளமாகப் போகலாம். யாரும் கவனிக்கவில்லை, நானும் யாருக்கும் சொல்லவில்லை. வேன் படியில் ஏறும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.